ஆன்யாங்: மலையடிவாரத்துல ஒரு பழைய தலைநகரம்

சீனாவோட பழைய வரலாறுன்னு சொன்னாலே பெருஞ்சுவரு, மண்ணுல செஞ்ச சிப்பாய்ங்க, பெய்ஜிங் அரண்மனை இதுங்கதான் முதல்ல ஞாபகத்துக்கு வரும், ஆனா அந்த மண் சிப்பாய்ங்களச் செய்ய வெச்ச முதல் பேரரசர் பொறக்கறதுக்கு சுமார் ஆயிரம் வருஷம் முன்னாடியே வட சீனாவுல ஒரு ஊர்ல ராஜா, படை, எழுத்து, காலண்டர், டன் கணக்குல வெண்கலம் எல்லாம் இருந்துச்சு. அந்த ஊரு பேரு ஆன்யாங். என்னைக் கேட்டா சீனாவப் பத்தி படிக்க ஆரம்பிக்கிற யாரும் இங்கருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா சீனாவோட எழுதப்பட்ட வரலாறு நம்ம கைக்குக் கிடைக்கிற முதல் இடம் இதுதான். இந்த ஊரு எங்க இருக்கு, ஏன் அங்க வந்துச்சு, மண்ணுக்கு அடியில என்ன கிடைச்சுச்சுன்னு ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதப் பாக்கறேன்.

முதல்ல மேப்ப எடுத்துக்கோங்க. பெய்ஜிங்ல இருந்து தெக்கால, கொஞ்சம் மேற்க சாஞ்சு, ஒரு 500 கிலோமீட்டர் வாங்க. ஹெனான் மாகாணத்தோட வடக்கு முனையில ஆன்யாங் இருக்கு, வடக்க ஹெபெய் மாகாணம், மேற்க ஷான்சி மாகாணம். மேற்குப் பக்கம் முழுக்க தாய்ஹாங் மலைத்தொடர் செங்குத்தா சுவரு வெச்ச மாதிரி நிக்குது, கிழக்குப் பக்கம் திரும்புனா கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சமவெளி, அது அப்படியே கடல் வரைக்கும் போயிடும். மலையில இருந்து ஹுவான்னு ஒரு சின்ன ஆறு இறங்கி ஊருக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு கிழக்க போகுது, வடக்கு எல்லையில ஜாங்னு இன்னொரு ஆறு. இந்த மலை, இந்த சமவெளி, இந்த ரெண்டு ஆறு, இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும், கீழ சொல்லப் போற மூவாயிரம் வருஷக் கதையும் இதுக்குள்ளயேதான் நடக்குது.

ஏன் மலையடிவாரத்துல ஊரு? சமவெளிதான் விவசாயத்துக்கு நல்லதாச்சே, நடுச் சமவெளியில போய் உக்கார வேண்டியதுதானேன்னு தோணும். அங்கதான் மஞ்சளாறு வருது. இன்னைக்கு மஞ்சளாறு ஆன்யாங் நகரத்துக்கு ரொம்ப தெக்க ஓடுது, ஆனா அந்தக் காலத்துல அது ஆன்யாங்குக்குக் கிழக்கால வடக்கு பாத்துத் திரும்பி, மலைக்கு இணையா ஓடி, இப்ப தியான்ஜின் இருக்கிற பக்கமா கடல்ல போய் விழுந்துச்சு. அந்த ஆறு வண்டல அவ்ளோ சுமந்துட்டு வரும், அதுல தன்னோட படுகையே மேடாயி, ஒரு நாள் கரைய உடைச்சுட்டு வேற பக்கம் போயிடும். அதனால நடுச் சமவெளி முழுக்க சதுப்பு, ஏரி, வெள்ளம். மலையடிவாரம் மட்டும் கொஞ்சம் மேடு, ஆறுங்க கொண்டு வந்து கொட்டின மண்ணு, தோண்டுனா நல்ல தண்ணி, வெள்ளம் வந்தாலும் சீக்கிரம் வடிஞ்சிடும். மலைக்கும் சதுப்புக்கும் நடுவுல கிடைச்ச இந்த நீளமான ஒல்லி நிலம்தான் வடக்கயும் தெக்கயும் இணைச்ச ரோடு. இன்னைக்கும் பெய்ஜிங்ல இருந்து குவாங்ஜோ போற ரயில் லைன் இதே பட்டையிலதான் போகுது, ஷிஜியாஜுவாங், ஷிங்தாய், ஹான்டான், ஆன்யாங்னு ஊருங்க எல்லாம் வரிசையா மலையோட கால்ல உக்காந்திருக்கிறதப் பாத்தாலே புரிஞ்சிடும்.

மஞ்சளாறு என்ன பண்ணும்னு கண்ணால பாக்கணும்னா ஆன்யாங் நிர்வாகத்துக்குக் கீழயே இருக்கிற நெய்ஹுவாங் மாவட்டத்துல சான்யாங்ஜுவாங்னு ஒரு இடம் இருக்கு, 2003-ல கால்வாய் வேலை நடக்கறப்ப கண்டுபிடிச்சாங்க. ஹான் வம்ச காலத்துக் கிராமம் ஒண்ணு சுமார் கி.பி. 11 வாக்குல வந்த வெள்ளத்துல அப்படியே வண்டலுக்கு அடியில அஞ்சு மீட்டர் ஆழத்துல புதைஞ்சு போயிருக்கு. வீட்டுக் கூரை ஓடுங்க விழுந்தது விழுந்தபடி கிடக்கு, வயல்ல உழுத வரப்பு தெரியுது, வீட்டுக்குப் பின்னாடி இருந்த மல்பெரி மரத்தோட இலை பதிஞ்ச அச்சு கூட சேத்துல இருக்கு. ஒரு முற்றத்துல கூரை ரிப்பேருக்காக ஓட்ட அடுக்கி வெச்சிருக்காங்க, அந்த அடுக்கு இன்னும் கலையல. அந்த வேலைய முடிக்கறதுக்குள்ள தண்ணி வந்திருக்கு. இதப் படிச்சதுக்கப்புறம்தான் பழைய ராஜாங்க ஏன் மலை ஓரமா ஒதுங்குனாங்கன்னு எனக்கு மனசார புரிஞ்சுது.

அடுத்தது மண்ணு. வட சீனாவுல பல இடத்துல இருக்கிற மாதிரி இங்கயும் மஞ்ச மண்ணு, மேற்கு, வடமேற்குப் பக்கத்து வறண்ட பூமியில இருந்து லட்சக்கணக்கான வருஷமா காத்து அடிச்சுட்டு வந்து கொட்டினது, ஆறுங்களும் சேந்து பரப்பி விட்டது. ரொம்ப நைஸா, மெத்துனு இருக்கும், மரக் கருவி கல்லுக் கருவியாலயே கிளறிடலாம். இதுல அந்தக் காலத்து ஜனங்க முக்கியமா போட்டது தினை, கூடவே பனிவரகு, கொஞ்சம் கோதுமையும் இருந்துச்சு. இதே மண்ண பலகைக்கு நடுவுல கொட்டி கட்டையால இடிச்சு இடிச்சு இறுக்கினா சுவரும் ஆகும், அரண்மனைக்கு மேடையும் ஆகும். கல்லுல கட்டாததால மேல நின்ன மரக் கட்டடம் எல்லாம் போயிடுச்சு, ஆனா இடிச்ச மண்ணு மட்டும் அடுக்கடுக்கா பக்கத்து மண்ண விட கெட்டியா வேற நிறத்துல தரைக்குள்ள நிக்குது, அத வெச்சுதான் இங்க ஒரு அரண்மனை இருந்துச்சு, இவ்ளோ நீளம், இத்தன தூணுன்னு சொல்றாங்க.

இப்ப ஆன்யாங்ல குளிர்காலத்துல நல்லாவே உறையும், மழை பெரும்பாலும் ஜூலை ஆகஸ்ட்ல கொட்டித் தீத்துடும். ஆனா மூவாயிரத்து இருநூறு வருஷம் முன்னாடி இங்க இதவிட வெதுவெதுப்பா இருந்திருக்கு, காட்டெருமை இனம் ஒண்ணோட எலும்பு ஏராளமா கிடைச்சிருக்கு, யானையும் இருந்திருக்கு. ராஜா வேட்டைக்குப் போய் யானைய பிடிச்சாருன்னு எழுத்துலயே இருக்கு. 1978-ல ஒரு பலிக்குழியத் தோண்டினப்ப ஒரு குட்டி யானையோட எலும்புக்கூடு கிடைச்சுது, கழுத்துல வெண்கல மணி. மணி கட்டியிருக்காங்கன்னா அது காட்டுல இருந்து நேரா பிடிச்சுட்டு வந்து வெட்டினது இல்ல, யாரோ வளத்திருக்காங்க. வட சீனாவுல யானைன்னு சொன்னா இன்னைக்கு யாரும் நம்ப மாட்டாங்க, அந்த மணி சாட்சி சொல்லுது.

சரி, ராஜாங்க கதைக்கு வருவோம். ஷாங் வம்சம்னு ஒரு வம்சம், அவங்க தலைநகரத்த அடிக்கடி மாத்திட்டே இருந்தாங்க, கடைசியா பான் கெங்னு ஒரு ராஜா, சுமார் கி.மு. 1300 வாக்குல, இந்த ஹுவான் ஆத்துப் பக்கம் வந்து உக்காந்தாரு, அதுக்கப்புறம் வம்சம் விழற வரைக்கும் இருநூத்து அம்பது வருஷத்துக்குப் பக்கமா தலைநகரம் இங்கயேதான்னு பழைய நூல்கள் சொல்லுது. ஆனா ஆத்துக்குத் தெக்க, யின்ஷுன்னு சொல்ற இடத்துல எவ்ளோ தோண்டினாலும் பான் கெங் காலத்துப் பொருள் தெளிவா கிடைக்கல, மதில் சுவரும் கிடைக்கல, இது ரொம்ப நாளா ஆராய்ச்சியாளர்கள உறுத்திட்டே இருந்துச்சு. 1999-ல ஆத்துக்கு வடக்கால, தரைக்கு ரெண்டரை மீட்டர் கீழ, நாலு பக்கமும் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளமா ஒரு மதில் சுவரு சதுரமா கிடந்தது தெரிய வந்துச்சு. உள்ள அரண்மனை அடித்தளம் ஒண்ணு மட்டுமே 173 மீட்டர் நீளம், தீப்பிடிச்ச அடையாளமும் இருக்கு. இப்ப பலபேரு சொல்றது என்னன்னா ராஜாங்க முதல்ல வடகரையில இந்த மதில் நகரத்துல இருந்தாங்க, அது எரிஞ்சு போனதும், வூ டிங் ராஜா காலத்து வாக்குல, தென்கரைக்கு மாறினாங்கன்னு. எழுபது வருஷம் பக்கத்துலயே தோண்டிட்டு இருந்தும் கண்ணுல படாததுக்குக் காரணம் அதே வண்டல்தான், ஆறு அத அவ்ளோ ஆழமா மூடி வெச்சிருந்துச்சு.

தென்கரையில ராஜாங்க இடம் புடிச்ச விதத்தப் பாருங்க. ஹுவான் ஆறு அங்க ஒரு பெரிய வளைவு வளையுது, அதனால அரண்மனைப் பகுதிக்கு வடக்கயும் கிழக்கயும் ஆறே காவல். மேற்கயும் தெக்கயும் மட்டும் ஒரு பெரிய அகழிய வெட்டி ரெண்டு முனையையும் ஆத்தோட சேத்துட்டாங்க, நாலு பக்கமும் தண்ணி ஆயிடுச்சு, மதிலே வேண்டாம்னு விட்டுட்டாங்க போல. அத சுத்தி முப்பது சதுர கிலோமீட்டருக்கு மேல ஊரு பரவிக் கிடந்துச்சு: வெண்கலப் பட்டறை, எலும்புல ஊசியும் கொண்டை ஊசியும் செய்யற பட்டறை, பானைச் சூளை, சாதாரண ஜனங்க வீடு, அவங்கவங்க குடும்பத்து இடுகாடு, அப்புறம் ஆத்துக்கு அந்தப் பக்கம் ராஜாங்களோட கல்லறை.

இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னா, அது மருந்துக் கடையில ஆரம்பிச்ச கதை. சீன நாட்டு வைத்தியத்துல டிராகன் எலும்புன்னு ஒரு சரக்கு உண்டு, பழைய எலும்பப் பொடி பண்ணிக் கொடுப்பாங்க. ஆன்யாங் பக்கத்துல ஷியாவ்துன்னு ஒரு கிராமம், அங்க உழும்போது வர்ற எலும்புத் துண்டுங்கள விவசாயிங்க எடை போட்டு வித்துட்டு இருந்தாங்க, அதுல கீறல் இருந்தா விலை போகாதுன்னு சொரண்டி எடுத்துட்டே வித்ததா சொல்றாங்க. எத்தன ராஜாக்களோட பேச்சு இப்படி கஷாயமா போச்சோன்னு நினைச்சா வயிறு எரியுது. 1899-ல பெய்ஜிங்ல பேரரசுக் கல்விக்கூடத்துத் தலைவரா இருந்த வாங் யிரோங் பழைய வெண்கல எழுத்துங்கள நல்லா படிச்சவரு, பழம்பொருள் வியாபாரிங்க கொண்டு வந்த எலும்புல இருந்த கீறலப் பாத்ததும் இது எழுத்துதான்னு புரிஞ்சு வாங்கிக் குவிக்க ஆரம்பிச்சாரு. தனக்கு வாங்கின மருந்துப் பொட்டலத்துலதான் அவரு முதல்ல பாத்தாருன்னு ஒரு கதை ரொம்ப ஃபேமஸ், அதுக்குப் பலமான ஆதாரம் கிடையாது. அடுத்த வருஷமே அன்னிய நாட்டுப் படைங்க பெய்ஜிங்குக்குள்ள வந்தப்ப அவரு தன் உயிர மாச்சுக்கிட்டாரு, அவரு சேத்த எலும்புல பெரும்பாலானது லியூ எ-ங்கற எழுத்தாளர் கிட்ட போச்சு, அவருதான் 1903-ல முதல்முதலா அத அச்சுல போட்டாரு. வியாபாரிங்க எங்க கிடைக்குதுன்னு பொய் சொல்லியே வந்தாங்க, 1908-ல லுவோ ஜென்யூங்கற அறிஞர் விசாரிச்சு விசாரிச்சு இது ஆன்யாங் பக்கத்து ஷியாவ்துன் கிராமம்னு கண்டுபிடிச்சுட்டாரு.

அந்த எலும்புங்க என்னன்னு இப்ப பாப்போம், இந்தக் கட்டுரையில முக்கியமானதே இதுதான். ஷாங் ராஜாங்க எதுக்கெடுத்தாலும் குறி கேப்பாங்க. மாட்டோட தோள்பட்டை எலும்பு, இல்லன்னா ஆமையோட வயித்துப் பக்கத்து ஓடு, இத நல்லா சுத்தம் பண்ணி வழவழன்னு தேச்சு, பின்பக்கம் வரிசையா சின்னச் சின்ன குழி தோண்டி வெச்சுக்குவாங்க. கேள்விய வாயால சொல்லிட்டு குழியில சூட்டுக் கோல வெப்பாங்க, எலும்பு டப்புனு வெடிச்சு முன்பக்கம் ஒரு விரிசல் வரும், நீட்டமா ஒண்ணு, அதுல இருந்து குறுக்கால ஒண்ணு. அந்த விரிசலப் பாத்து நல்லதா கெட்டதான்னு ராஜாவே சொல்லுவாரு. அப்புறம் அந்த எலும்புலயே கத்தியால கீறி எழுதுவாங்க: எந்த நாளு, யாரு குறி பாத்தா, கேள்வி என்ன, சில சமயம் ராஜா என்ன சொன்னாரு, கடைசியில என்ன நடந்துச்சுன்னு வரைக்கும். ஒரே கேள்விய "நடக்கும்" "நடக்காது"னு ரெண்டு விதமாவும் கேட்டு ஓட்டோட ரெண்டு பக்கமும் எழுதி வெச்சிருக்காங்க. எலும்பையும் மிச்சம் புடிச்சிருக்காங்க, ஒரே ஓட்டுல பல கேள்வி.

கேள்விங்கதான் என்னை ரொம்ப இழுத்தது. மழை வருமா, விளைச்சல் வருமா, அடுத்த பத்து நாளைக்கு ஆபத்து இல்லாம இருக்குமா (அவங்களுக்கு வாரம்னா பத்து நாளு), சண்டைக்குப் போலாமா, எந்த முன்னோருக்கு எத்தன மாடு பலி கொடுக்கலாம், ராஜாவுக்குப் பல் வலிக்குது, இது செத்துப்போன எந்த முன்னோரோட கோவம். ஒரு ஓட்டுல வூ டிங் ராஜா தன் மனைவி ஃபூ ஹாவோட பிரசவம் நல்லபடியா ஆகுமான்னு கேக்கறாரு. விரிசலப் பாத்துட்டு, டிங் நாள்ல பொறந்தா நல்லது, கெங் நாள்ல பொறந்தா ரொம்ப நல்லதுன்னு அவரே சொல்றாரு (இதெல்லாம் அவங்க காலண்டர்ல நாளுங்களோட பேரு). கீழ முடிவு எழுதியிருக்கு: முப்பத்தி ஒண்ணு நாள் கழிச்சு ஜியாயின் நாள்ல பிரசவம் ஆச்சு, நல்லதா இல்ல, பொண்ணு. பெண் குழந்தைய நல்லதில்லன்னு எழுதி வெச்சிருக்கிறதப் படிக்கறப்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா ராஜா சொன்ன நாளும் பலிக்கல, அதையும் மறைக்காம எழுதியிருக்காங்கங்கறது எனக்கு ஆச்சரியம்.

இந்த எலும்புங்க எதுக்கு இவ்ளோ முக்கியம்னா, ஷாங் வம்சம்னு ஒண்ணு நெசமாவே இருந்துச்சாங்கற சந்தேகமே நூறு வருஷம் முன்னாடி வரைக்கும் படிச்சவங்க மத்தியில இருந்துச்சு. வம்சத்தோட ராஜா வரிசைய சீமா சியென்ங்கற வரலாற்றாசிரியர் எழுதினது கி.மு. 100 வாக்குல, அதாவது வம்சம் முடிஞ்சு தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல ஆனதுக்கப்புறம், அத எப்படி நம்பறது? 1917-ல வாங் குவோவெய்ங்கற அறிஞர் எலும்புல முன்னோர் பலிக்காக எழுதின பேருங்கள ஒண்ணொண்ணா எடுத்து சீமா சியெனோட பட்டியலோட வெச்சுப் பாத்தாரு. ஏறக்குறைய அப்படியே பொருந்துச்சு. வேற வேற ஆளுங்க கையில இருந்த ரெண்டு உடைஞ்ச துண்டு ஒரே எலும்போடதுன்னு கண்டுபிடிச்சு சேத்து வெச்சப்ப, ஆரம்பகால முன்னோர் வரிசையில சீமா சியென் ஒரு இடத்துல மூணு பேர வரிசை மாத்தி எழுதியிருக்காருன்னு கூட தெரிஞ்சுது. ஆயிரம் வருஷ இடைவெளியில பிசகு ரொம்பக் கொஞ்சம்தான். கட்டுக்கதைன்னு ஒதுக்கின ஒரு வம்சம் உடைஞ்ச எலும்பாலயே வரலாறா மாறிடுச்சு, இதுக்கு ஈடா ஒரு கண்டுபிடிப்ப சொல்லுன்னா எனக்குச் சொல்லத் தெரியல.

அப்புறம் 1928-ல அரசு ஆராய்ச்சி நிறுவனமான அகாடெமியா சினிகா நேராவே தோண்ட ஆரம்பிச்சுது, முதல்ல டோங் ஜுவோபின், அப்புறம் லீ ஜி தலைமையில, 1937-ல ஜப்பான் படையெடுத்து வர்ற வரைக்கும் 15 தடவை. அதுல 13-வது தடவை, 1936 ஜூன் 12, மறுநாள் மூட்டை கட்டலாம்னு இருந்த நேரம், சாயங்காலம் ஒரு குழியில ஆமை ஓடுங்க மேல மேல அடுக்கி வர ஆரம்பிச்சுது. எடுக்க எடுக்க தீரல. வெயில்ல அங்கயே உக்காந்து பிரிச்சா உடைஞ்சிடும்னு குழிய மண்ணோட அப்படியே சுத்தி வெட்டி, கனமான மரப்பெட்டி அடிச்சு, டன் கணக்கு எடையுள்ள அந்தப் பெட்டிய ஆளுங்க தூக்கி ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டு போய் நான்ஜிங்குக்கு அனுப்பி வெச்சாங்க. அங்க மாசக் கணக்குல பிரிச்சதுல 17,096 துண்டு, அதுல முழு ஓடு மட்டுமே 300-க்கு மேல. குழிக்குள்ள ஓடுங்களோட ஒரு மனுஷ எலும்புக்கூடும் கிடந்துச்சு. இன்னைய வரைக்கும் மொத்தமா ஒன்றரை லட்சம் துண்டு வாக்குல கிடைச்சிருக்கு, நாலாயிரத்து சொச்சம் தனித்தனி எழுத்து எண்ணியிருக்காங்க, அதுல மூணுல ஒரு பங்குக்குத்தான் இது இன்னதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட பொருள் இருக்கு. இன்னைக்கு சீனாவுல எழுதற எழுத்தோட நேர் மூதாதை இதுங்கதான்.

வெண்கலத்துக்கு வருவோம். ஷாங் ஜனங்க வார்த்த முறை கொஞ்சம் தனி. முதல்ல களிமண்ணுல பாத்திரத்தோட மாதிரி செஞ்சு, அது மேல களிமண்ண அப்பி, காய்ஞ்சதும் துண்டு துண்டா வெட்டி எடுப்பாங்க, வேலைப்பாடு எல்லாம் அந்தத் துண்டோட உள்பக்கத்துல பதிஞ்சிருக்கும். நடுவுல கருவா ஒரு களிமண் கட்டிய வெச்சு, துண்டுங்கள சுத்தி சேத்துக் கட்டி, நடுவுல இருக்கிற இடைவெளியில உருக்கின செம்பு, வெள்ளீயம், காரீயம் கலவைய ஊத்துவாங்க. இப்படிச் செஞ்சதுல உலகத்துலயே ரொம்ப கனமா மிச்சம் இருக்கிற பழைய வெண்கலப் பாத்திரம் ஹோவ்முவூன்னு சொல்ற நாலு கால் பாத்திரம், 832.84 கிலோ, 133 சென்டிமீட்டர் உயரம், ஒரு ராஜா தன் அம்மாவுக்காக செய்ய வெச்சது. ஒரே உலையில இவ்ளோ உருக்க முடியாது, பல உலைய ஒரே நேரத்துல தயார் பண்ணி விட்டுவிட்டு இல்லாம ஊத்தணும், எத்தன பேரு ஒருத்தர ஒருத்தர் பாத்து ஒரே மூச்சா வேலை செஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இது 1939-ல வூகுவான் கிராமத்து ஆளுங்க கையில கிடைச்சுது, ஊரு ஜப்பான் கையில இருந்த சமயம், அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு திரும்பவும் புதைச்சுட்டாங்க, போரு முடிஞ்சு 1946-லதான் வெளிய எடுத்தாங்க.

ஃபூ ஹாவ் பேரு மேல வந்துச்சே, அவங்க கல்லறையே 1976-ல கிடைச்சுது. ராஜாங்களோட பெரிய கல்லறைங்க எல்லாம் ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கொள்ளை போயிடுச்சு, இது மட்டும் அரண்மனைப் பகுதிக்குப் பக்கத்துல, மேல ஒரு கட்டடம் இருந்த இடத்துக்கு அடியில இருந்ததால தப்பிச்சுது. தோண்டினவங்க தலைவி ஜெங் ஜென்ஷியாங், அவங்களும் ஒரு பொண்ணு. லுவோயாங் மண்வெட்டின்னு ஒண்ணு உண்டு, குழாய நீட்டவாக்குல பாதியா பொளந்த மாதிரி அலகு, நீளமான கம்பு, கல்லறைத் திருடங்க கண்டுபிடிச்சது, அத ஆழமா குத்தி இழுத்தா கீழ இருக்கிற மண்ணு ஒட்டிட்டு வரும். அப்படிக் குத்திப் பாத்துதான் இதக் கண்டுபிடிச்சாங்க. குழி மேல 5.6 மீட்டருக்கு 4 மீட்டர்தான், ஆழம் ஏழரை மீட்டர். அதுக்குள்ள 468 வெண்கலப் பொருள், 755 ஜேட் கல்லுப் பொருள், ஆறாயிரத்துக்கு மேல சோழி, எலும்புல செஞ்ச கொண்டை ஊசியே நானூறுக்கு மேல. வெண்கலம் மட்டுமே ஒன்றரை டன்னுக்கு மேல. கடல் பக்கத்துலயே இல்லாத ஊருக்கு ஆறாயிரம் சோழி வந்திருக்குன்னா வியாபாரமோ கப்பமோ எவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கணும். நூத்துக்கும் மேல வெண்கலத்துல அவங்க பேரு வார்த்திருக்கு, அதனாலதான் இது யாரு கல்லறைன்னு சந்தேகமே வரல. குறி எலும்புல இவங்க மூவாயிரம் பேரத் திரட்டி, கூட பத்தாயிரம் பேரச் சேத்து, மேற்குப் பக்கத்து சியாங் ஜனங்க மேல படையெடுத்ததா வருது, கல்லறையில நாலு போர்க் கோடாலியும் இருந்துச்சு, அதுல ஒண்ணு 9 கிலோ. எலும்புல படிச்ச பொம்பளை அவங்க கோடாலியோடவே மண்ணுக்குள்ள இருந்தாங்க.

அதே கல்லறையில 16 மனுஷங்களையும் 6 நாயையும் பலி கொடுத்து புதைச்சிருக்காங்க, இத சொல்லாம விட முடியாது. ஆத்துக்கு வடக்க ராஜா கல்லறைங்கள சுத்தி ஆயிரக்கணக்குல பலிக்குழி, தலை இல்லாத உடம்பு வரிசையா, எலும்புல எழுதின கணக்கே பத்தாயிரம் பேரத் தாண்டுது, பெரும்பாலும் மேற்குல இருந்து பிடிச்சுட்டு வந்த சியாங் ஜனங்க. வெண்கல அழகப் பாத்து மயங்கறப்ப இவங்களையும் நினைச்சுக்கணும், ஏன்னா அந்தப் பாத்திரத்துல பாதி இந்தச் சடங்குக்காகத்தான் செஞ்சது.

வம்சம் விழுந்தது சுமார் கி.மு. 1046. மேற்குல இருந்து ஜோவ் ஜனங்க மஞ்சளாறத் தாண்டி வந்து, ஆன்யாங்குக்குத் தெக்க மூயேங்கற இடத்துல ஒரே நாள் காலையில ஷாங் படைய உடைச்சுட்டாங்க, கடைசி ராஜா தன் மாளிகையிலயே தீயில விழுந்து செத்தாருன்னு பழைய நூல் சொல்லுது. அந்தச் சண்டை நடந்த நாளோட பேரு ஒரு வெண்கலப் பாத்திரத்துல எழுதியிருக்கு, அதுவும் 1976-லதான் கிடைச்சுது. அப்புறம் ஜனங்கள வேற வேற ஊருக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்க, ஹுவான் ஆத்தோரம் வயலாயிடுச்சு. பழைய தலைநகரம் நமக்குக் கிடைச்சதுக்குப் பெரிய காரணமே இதுதான்னு நான் நினைக்கிறேன், அது மேல இன்னொரு பெரிய நகரம் யாரும் கட்டல.

ஆனா ரோடு அங்கயேதான் இருந்துச்சு, மலையும் ஆறும் அங்கயேதான், அதனால நகரம் அந்தப் பட்டைய விட்டு எங்கயும் போகல, கொஞ்சம் நகந்துச்சு அவ்ளோதான். வடக்கால ஜாங் ஆத்தோரம் யே-ன்னு ஒரு ஊரு வளந்துச்சு. கி.மு. அஞ்சாம் நூற்றாண்டுல அங்க அதிகாரியா வந்த ஷீமென் பாவ் கதை சீனாவுல எல்லாருக்கும் தெரியும். ஆத்து சாமிக்கு வருஷா வருஷம் ஒரு பொண்ணக் கல்யாணம் பண்ணி வெக்கிறோம்னு சொல்லி தண்ணியில முக்கிட்டு இருந்தாங்க, ஊரு பெரியவங்களும் குறிசொல்ற கிழவியும் அதுக்குன்னு காசு வசூல் பண்ணி பங்கு போட்டுக்குவாங்க. ஷீமென் பாவ் சடங்குக்கு வந்து பொண்ணப் பாத்துட்டு, இது அழகா இல்ல, வேற பொண்ணு தர்றோம்னு சாமிகிட்ட போய் சொல்லிட்டு வாங்கன்னு அந்தக் கிழவியவே ஆத்துல போட வெச்சாரு, போனவங்க வரலியேன்னு சிஷ்யைங்க மூணு பேரு, அப்புறம் வசூல் பண்ண பெரியவரு. மிச்சம் இருந்தவங்க நெத்தியில ரத்தம் வர தரையில முட்டி மன்னிப்பு கேட்டாங்க. அதுக்கப்புறம் அவரு ஜாங் ஆத்துல இருந்து 12 கால்வாய் வெட்ட வெச்சாரு. ஆறு பயம் காட்டற ஊர்ல இப்படி ஒரு கதை வந்ததுல அதிசயமே இல்ல.

ஆன்யாங்ங்கற பேரு கி.மு. 257-ல வந்தது, சின் நாட்டுப் படை இங்க ஒரு ஊரப் பிடிச்சு அந்தப் பேரு வெச்சுது. யே நகரத்த கி.பி. 204-ல சாவ் சாவ்ங்கற படைத்தலைவர் பிடிச்சு தன் தளமா ஆக்கினாரு, அவருக்கப்புறமும் ஒண்ணு மாத்தி ஒண்ணா பல வம்சம் அங்க இருந்து ஆண்டுச்சு. 580-ல யாங் ஜியென், அதாவது அடுத்த வருஷம் சுய் வம்சத்த ஆரம்பிக்கப் போறவரு, தன்னை எதிர்த்தவங்க யே-ல தளம் போட்டாங்கன்னு அந்த நகரத்தக் கொளுத்தி, ஜனங்களத் தெக்க ஆன்யாங்குக்குக் குடியேத்திட்டாரு. மிச்சத்த ஜாங் ஆறு மூடிடுச்சு. சாவ் சாவ் கல்லறைன்னு சொல்றது ஆன்யாங்கோட ஷிகாவ்ஷுவே கிராமத்துல கிடைச்சுது, 2009-ல அறிவிச்சாங்க, உள்ள அறுபது வயசு வாக்குல ஒரு ஆணோட எலும்பும், "வெய் நாட்டு வூ ராஜா வழக்கமா பயன்படுத்தின" ஆயுதம்னு பொறிச்ச சின்னக் கல்லு அட்டைங்களும் (வெய் நாட்டு வூ ராஜாங்கறது சாவ் சாவ் செத்ததும் அவருக்குக் கொடுத்த பட்டம்). இது அவரோடதுதானான்னு பெரிய வாக்குவாதமே நடந்துச்சு, கல்லு அட்டையப் பாத்தா எனக்கு அவருதான்னு படுது.

போய்ப் பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், ஆன்யாங்ல கிடைச்சதெல்லாம் ஆன்யாங்லயே இல்ல. ஹோவ்முவூ பாத்திரம் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்துல. 1937-க்கு முன்னாடி தோண்டினதுல பெரும்பங்கு, அந்த 17,096 துண்டு வந்த குழியோட ஓடுங்க உள்பட, உள்நாட்டுப் போர் சமயத்துல தைவானுக்குப் போயிடுச்சு, தைபேயில அகாடெமியா சினிகா அருங்காட்சியகத்துல பாக்கலாம். ஆன்யாங்ல யின்ஷு இடமே இருக்கு, 2006-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க, ஃபூ ஹாவ் கல்லறைக் குழி, தேர்க் குழிங்க, அரண்மனை அடித்தளம் எல்லாம் அங்க, 2024-ல ஆத்துக்கு அந்தப் பக்கம் புது அருங்காட்சியகமும் திறந்திருக்காங்க. எழுத்துக்குன்னே ஒரு தேசிய அருங்காட்சியகமும் ஊருக்குள்ள 2009-ல இருந்து இருக்கு. பெய்ஜிங்ல இருந்து அதிவேக ரயில்ல வந்தீங்கன்னா மேற்குப் பக்கம் ஜன்னல் சீட்டு புடிங்க, வானம் தெளிவா இருந்தா வழி நெடுக தாய்ஹாங் மலை கூடவே வரும்.